நாற்பத்தொன்றாம் எண்ணுக்குத் தோள் கொடுத்த விவரம்

அந்தப் படிவத்தை அவர் யார் உதவியும் இல்லாமல் தானே நிரப்பினார். நடந்தது அத்தனைக்கும் அதுதான் காரணம் என்று பிற்பாடு பள்ளிக்கூடமும் சொன்னது, அவர் மனைவியும் சொன்னாள். அந்த இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அவருக்கு நீராவிச் சலவைக்கூடத்தில் வேலை. மருத்துவமனைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளை வேகவைக்கிற ஆவியெல்லாம் அவர் கை வழியாகத்தான் போக வேண்டும். கூடத்தில் அவரை பாய்லர்காரர் என்பார்கள். நாற்பது வயது வரைக்கும் கைநாட்டு. கொதிகலன் பார்க்கிறவன் மணிக்கொரு தடவை குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தபோது, வேலை போய்விடுமே என்ற பயத்தில் எழுத்துக் கற்றுக்கொண்டார். அவர் முதலில் எழுதிப் பழகிய சொல் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. 'அழுத்தம்.' பன்னிரண்டு வருடமாக, நாளைக்கு எட்டுத் தடவை, அந்தச் சொல்லையும் அதற்குப் பக்கத்தில் ஏழு என்ற எண்ணையும் எழுதிவருகிறார். அந்தச் சொல்லுக்கு உலகத்தில் வேறு ஒரு பொருளும் உண்டு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

மகள் அந்த வருடம் பெரிய பரீட்சை எழுத வேண்டியவள். படிக்கும்போது பென்சிலின் பின்பக்கத்தைக் கொறித்துத் தள்ளுவாள் என்பதால் வீட்டில் அவளுக்கு எலி என்று பெயர். பத்து வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கொதிகலன் பரிசோதகரைப் பார்த்திருக்கிறாள். ஒடிசலான மனிதர், கையில் சின்ன சுத்தியல். அவர் இரும்பின் மேல் தட்டி, காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும், யாருக்கும் எழுந்து நிற்காத முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அந்தாளு என்னப்பா படிச்சிருக்காரு?" என்று அன்றைக்குக் கேட்டாள். அந்தப் படிப்புக்கு இடம் கிடைக்க இந்தப் பரீட்சை. இந்தப் பரீட்சையில் முக்கியமானது கணக்கு. கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இவ்வளவுதான் அந்த வீட்டின் ஆசை. இதைவிடப் பெரியது எதுவும் அந்த ஒற்றை அறைக்குள் கொள்ளாது.

படிவத்தின் தலைப்பு மூன்று வரிக்கு நீண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லும் முழ நீளம். பாய்லர்காரர் அதைத் தாண்டிக் குதித்துக் கட்டங்களுக்கு வந்துவிட்டார். பெயர். வயது. பணியிடம். 'சலவைக்கூடம், கொதிகலன் அறை' என்று வரி பிசகாமல் எழுதினார். அதற்கு நேர் கீழே, 'அழுத்தம் - பூஜ்யம் முதல் பத்து வரை' என்று இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் அவர் வேலையைப் பற்றி விசாரிப்பது அதுதான் முதல் தடவை. மளமளவென்று எழுதினார்.

'அழுத்தம்: ஏழு. சில நாள் ஏழரை. எட்டைத் தாண்டினால் தானே பிய்த்துக்கொண்டு வெளியேறும். சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். பயப்பட வேண்டாம்.

'அழுத்தம் கூடும்போது நீங்கள் செய்வது: தீயைக் குறைப்பேன். கேட்காவிட்டால் திறந்து விட்டுவிடுவேன். தினமும் காலையில் அடி வால்வைத் திறந்து அழுக்கை வெளியே தள்ளுவேன்.

'கடைசியாகப் பரிசோதிக்கப்பட்டது: வருடம் ஒருமுறை ஓர் அதிகாரி வந்து உடம்பெங்கும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். எங்கும் விரிசல் இல்லை.

'எதிர்காலம் பற்றி உங்கள் கருத்து: பழசாகிவிட்டது. இன்னும் இரண்டு வருடம் தாங்கும். பிறகு வேறு வாங்கலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.'

"காட்டுப்பா, பாக்கறேன்," என்று எலி கை நீட்டினாள்.

"நீ சும்மா இரு. இது பெரியவங்க சமாச்சாரம்," என்று உறையில் போட்டு ஒட்டியே கொடுத்தார்.

மூன்றாம் நாள் அழைப்பு வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் 'தோள் கொடுப்போம்' என்று ஒரு திட்டம் வந்திருந்தது. பரீட்சை எழுதும் பிள்ளைகள் மனத்தால் சோர்ந்துபோகாமல் தோள் கொடுப்பது அதன் நோக்கம். அதற்காக அறிவியல் கூடத்தைக் காலி செய்து, குடுவைகளை மூட்டை கட்டிக் கழிவறைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பாய் விரித்து, சுவரில் அருவிப் படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைமைத் தோள் அலுவலர், வலது தோள் அலுவலர், இடது தோள் அலுவலர். வலது தோள் கேட்கும். இடது தோள் எழுதும். தலைமைத் தோளுக்குப் புரிந்துகொள்வதுதான் வேலை. ஓரமாகத் தலைமையாசிரியை நின்றிருந்தார். உட்கார நாற்காலி இருந்தும் அவர் உட்காரவில்லை. அந்தத் திட்டம் வந்ததிலிருந்தே அவர் உட்காரவில்லை என்று பள்ளிக்கூட எழுத்தர் சொன்னார்.

"சொல்லுங்கப்பா," என்றார் தலைமைத் தோள். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "பிள்ளையைச் சுத்தியலால தட்டறது வருஷத்துக்கு ஒருதடவைதானா, இல்ல நடுவுலயும் உண்டா?"

"ஐயோ, அது பாய்லருங்க."

"பிள்ளையை பாய்லர்னு சொல்றீங்க."

"பிள்ளையைச் சொல்லலைங்க. பாய்லரைத்தான் பாய்லர்னு சொல்றேன்."

இடது தோள் எழுதிக்கொண்டார்: 'மகளையும் இயந்திரத்தையும் பிரித்தறிவதில் தந்தைக்குச் சிரமம் உள்ளது.'

"தட்டறது நான் இல்லைங்க. அதுக்குன்னு ஒரு அதிகாரி வருவாரு."

"வெளியாளா?" வலது தோள் பதறிப்போனார்.

"அரசாங்க ஆளுங்க."

மூன்று தோள்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "அரசாங்கம்னா சரி," என்றார் தலைமைத் தோள். "முறைப்படி நடக்கற விஷயத்துல நாம தலையிடறதில்ல. ஆனா ஏழுங்கறது அதிகம்ப்பா. இந்தப் பள்ளிக்கூடத்துலயே உங்க பொண்ணுக்குத்தான் அதிகம்."

பாய்லர்காரர் கையெடுத்துக் கும்பிட்டு எல்லாவற்றையும் விளக்கினார். குறிப்பேடு, மணிக்கொரு தடவை, முள் நிற்கிற இடம், எல்லாம். தலைமைத் தோள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் திறந்தார்.

"எவ்வளவு அழகா மறைக்கறீங்க! எல்லாப் பெத்தவங்களும் முதல்ல இதைத்தான் செய்வாங்க. நாங்க இதை மறுத்தல் நிலைன்னு சொல்லுவோம். அழுத்தம் எட்டைத் தாண்டினா பிய்ச்சுக்கிட்டு வெளியேறும்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரியைப் படிச்சுட்டு இவர் அழுதுட்டாரு." வலது தோள் ஆமாம் என்று மூக்கை உறிஞ்சினார். "உங்களுக்குள்ள ஒரு கவிஞர் இருக்காருப்பா."

எலியைக் கூப்பிட்டார்கள். வந்து நின்றாள்.

"எப்படிம்மா இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன் சார்."

"நல்லா'த்தான்'," என்றார் தலைமைத் தோள் மற்றவர்கள் பக்கம் திரும்பி. "அந்தத் 'தானை'க் கவனிச்சீங்களா? நல்லா இருக்கிற பிள்ளை நல்லா இருக்கேன்னு சொல்லும். 'தான்' எங்கேருந்து வருது? உள்ளேருந்து வருது."

இடது தோள் 'தான்' என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

"சார், தப்பா எழுதிட்டாரு எங்கப்பா. வேற படிவம் குடுங்க, நானே நிரப்பித் தரேன்."

தலைமையாசிரியை முதல் தடவையாக வாய் திறந்தார். "அது முடியாது. பதிவேத்தியாச்சு. மேலிடத்துக்குப் போயாச்சு. ஏத்தினதை எடுக்க முடியாது, இறக்கத்தான் முடியும். வாரா வாரம் இறங்கணும். மூணுக்கு மேல இருக்கிற பிள்ளைக்கு நுழைவுச்சீட்டுக் கிடையாது. பரீட்சை ஹால்ல உக்காரவிட மாட்டோம்."

"ஏன் மேடம்?"

"பிள்ளைங்க நல்லதுக்குத்தான்," என்றார் தலைமையாசிரியை. அந்தத் 'தானை' யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் எலி பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். "அப்பா, அவங்க கேட்டது மனசுல இருக்கிற அழுத்தம்."

"மனசுல எப்படிம்மா? முள் எங்க இருக்கும்?"

எலி சிரித்துவிட்டாள். அப்போதெல்லாம் அவள் இதற்கெல்லாம் சிரிப்பாள்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தோள் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அழுத்தம் அதிகமுள்ள மாணவிக்கு அதிகக் கடினமான பாடம் ஆகாது என்று கணக்கு வகுப்பை முதலில் நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் அவள் அருவிப் படத்துக்குக் கீழே மல்லாந்து படுத்து, காலில் தொடங்கித் தலை வரை ஒவ்வோர் உறுப்பாக மறக்க வேண்டும். முழங்கால் வரைக்கும் மறப்பாள், அதற்குள் மணியடித்துவிடும். பாதியில் எழுந்தால் முன்னேற்றம் தடைப்படும் என்று அடுத்த வகுப்பையும் நிறுத்தினார்கள். இரண்டாம் வாரம் சிரிப்புப் பயிற்சி. மூன்றாம் வாரம் சிரிப்பில் பரீட்சை. சத்தத்துக்கு நாற்பது, தொடர்ச்சிக்கு முப்பது, உண்மைத்தன்மைக்கு முப்பது. எலி நூற்றுக்கு முப்பத்தெட்டு. உண்மைத்தன்மையில் பூஜ்யம்.

"கணக்குல தொண்ணூத்தெட்டு வாங்கறவ, சிரிப்புல கோட்டை விட்டுட்டியே," என்று வலது தோள் வருத்தப்பட்டார். சிரிப்பில் தோற்றவர்களுக்குப் பள்ளி முடிந்த பிறகு சிறப்பு வகுப்பு வைத்தார்கள். அதிலும் தோற்றவர்கள் 'நான் நிம்மதியாக இருக்கிறேன்' என்று ஐந்நூறு தடவை எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

பாய்லர்காரர் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்ற முடிவுக்கு அதற்குள் வந்திருந்தார். ஐந்நூறு தடவை படித்தும் அவருக்கு நிம்மதி வரவில்லை.

சலவைக்கூடத்தில் இந்தக் கதையை மடிப்புக்காரனிடம் சொன்னார். நாளெல்லாம் விரிப்பு மடிக்கிறவன். வாய் மட்டும் மடியாது.

"எத்தனை தோளுண்ணே மொத்தம்?"

"தலைமை, வலது, இடது. அந்த அம்மாவையும் சேத்தா நாலு."

"நாலு தோள் வந்தாச்சா? அப்ப தூக்கறதுக்கு என்ன தாமதம்?"

"வாயைக் கழுவுடா," என்றார் பாய்லர்காரர். ஆனாலும் அன்றைக்கு ஒரு மணி நேரக் குறிப்பை எழுத மறந்துவிட்டார்.

பெற்றோருக்கும் பயிற்சி உண்டு. ஒரு சனிக்கிழமை காலை அறுபது எழுபது பேரைத் தரையில் உட்கார வைத்து, வீட்டில் பேசக் கூடாத சொற்களின் பட்டியலைக் கொடுத்தார்கள். 'படிச்சியா' கூடாது. 'பரீட்சை' கூடாது. 'பக்கத்து வீட்டுப் பிள்ளை' கூடவே கூடாது. 'எழுந்திரு' என்பதற்குப் பதில் 'உன் உள்ளம் விழித்துக்கொண்டதா' என்று கேட்க வேண்டும். பட்டியலை மனப்பாடமாக ஒப்பித்துக் காட்டாத பெற்றோரைச் சுவரோரம் நிற்க வைத்தார்கள். மீன் விற்கிற ஓர் அம்மா முக்கால் மணி நேரம் நின்றாள்.

மறுநாள் காலை பாய்லர்காரர் பாயருகில் குனிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்பு மகளே. உன் உள்ளம் விழித்துக்கொண்டதா?"

எலி திடுக்கிட்டு எழுந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அம்மா! அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு!"

"ஒன்னும் ஆகலை. பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருக்காங்க," என்றாள் அவள் அம்மா, அடுப்படியிலிருந்து திரும்பாமலே. "நானும் நேத்துலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். காப்பி வேணுமான்னு கேக்கறதுக்கு அரை மணி நேரம் ஆகுது இந்த மனுஷனுக்கு."

பிறகு வீட்டைப் பார்வையிட வந்தார்கள். ஒரே அறை, அதுவும் சலவைக்கூடத்தின் பின்சுவரை ஒட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆவிக் குழாய் போகிறது. இடது தோள் தெரியாமல் அதில் சாய்ந்துவிட்டு, ஐயோ என்று துள்ளினார். 'வீட்டுச் சூழல் கொதிநிலையில் உள்ளது' என்று எழுதிக்கொண்டார். கடிகாரம் நேரத்தை நினைவூட்டுகிறது என்று கழற்றினார்கள். நாட்காட்டி நாளை நினைவூட்டுகிறது என்று அதையும் எடுத்தார்கள். பிறகு அழுத்தமூட்டும் பொருட்கள் என்று ஒரு ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, எலியின் கணக்குப் புத்தகம், இரண்டு நோட்டு, வடிவியல் பெட்டி எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுக் கட்டினார்கள்.

"ஏங்க, புத்தகத்தை எடுத்துட்டா எதைப் படிப்பா?" என்று கேட்டாள் அம்மா.

"நீங்க இப்ப 'படிப்பா'ன்னு சொல்லிட்டீங்கம்மா," என்றார் வலது தோள் வருத்தத்தோடு. இடது தோள் எழுதிக்கொண்டார்.

கடிகாரம் போனதால் அம்மா அந்த வாரம் இரண்டு நாள் கட்டட வேலைக்குத் தாமதமாகப் போய் மேஸ்திரியிடம் திட்டு வாங்கினாள். அது திட்டத்தின் கீழ் வராது என்றார்கள்.

பரீட்சைக்குப் பதினோரு நாள் இருக்கும்போது இணை இயக்குநர் வந்தார். காலை எட்டு மணிக்கே பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அவர் பதினொன்றரைக்கு வந்தார். பாய்லர்காரர் பெற்றோர் வரிசையில் நின்று அந்தப் பேச்சை முழுக்கக் கேட்டார்.

"மாணவச் செல்வங்களே! அழுத்தம் என்பது வெறும் மனப்பிரமை. எனக்குக் கீழே நாற்பது பள்ளிகள் இருக்கின்றன. நாற்பது தலைமையாசிரியர்களையும் தினமும் மூன்று தடவை தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறேன். அவர்களில் யாருக்காவது அழுத்தம் இருக்கிறதா? இருந்தால் கை தூக்கச் சொல்லுங்கள், அன்றைக்கே மாற்றல் உத்தரவு போடுகிறேன். இதுவரை ஒரு கை கூட எழவில்லை! அழுத்தக் குறைப்பில் போன ஆண்டு நாம் பதினெட்டாவது இடம். எனக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. சோறு இறங்கவில்லை. என் மேலதிகாரி என்னை நிற்க வைத்தே கேட்டார். இந்த ஆண்டு முதலிடம் வராவிட்டால், பிள்ளைகளே, நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஆகவே நிதானமாக இருங்கள். பதற்றமே வேண்டாம். பதினோரு நாள்தான் இருக்கிறது!"

கைதட்டல் முடிவதற்குள் வெயிலில் இரண்டு பிள்ளைகள் சுருண்டு விழுந்தார்கள். தூக்கிக்கொண்டு போனார்கள். 'ஆழ்ந்த தளர்வு நிலையை எட்டியவர்கள்: இருவர்' என்று அன்றைய அறிக்கையில் இருந்தது.

பிறகு சுவரில் விரித்திருந்த வரைபடத்தை இணை இயக்குநர் பார்த்தார். எல்லாக் கோடுகளும் கீழே இறங்கியிருந்தன. ஒரு கோடு மட்டும் நாலில் நின்றது.

"இது யாரு?"

"நாற்பத்தொன்னு சார்," என்றார் தலைமையாசிரியை. அவர் குரல் கேட்கவே இல்லை; உதடுதான் அசைந்தது.

"இதை நான் பாக்கலை," என்றார் இணை இயக்குநர். "அடுத்த தடவை நான் பாக்கறப்ப இது இருக்கக் கூடாது."

எலிக்கு இதற்குள் அந்த அழுத்தம் உண்மையிலேயே வந்துவிட்டிருந்தது. எப்போது வந்தது என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. பென்சில் இல்லாததால் நகத்தைக் கடித்தாள். நகம் தீர்ந்து விரலைக் கடித்தாள். தோழியிடம் இரவல் வாங்கி வந்த கணக்குப் புத்தகத்தை விடியற்காலையில் அம்மாவின் சேலைக்கடியில் வைத்துக்கொண்டு திறப்பாள். திறந்த பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

"என்னம்மா?" என்று கேட்டார் பாய்லர்காரர். பட்டியலில் இல்லாத சொல் அது ஒன்றுதான்.

"எல்லாம் மறந்துபோச்சுப்பா. கண்ணை மூடினா அந்த அருவிதான் வருது." புத்தகத்தை மூடிச் சேலைக்கடியில் தள்ளினாள். "என்னை ஹால்ல விடுவாங்களாப்பா? இந்த வாட்டி தவறிட்டா என்னை யார் திரும்பப் படிக்க வைப்பாங்க?"

பாய்லர்காரர் கொதிகலனைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். இந்தத் தடவை அவருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரிந்திருந்தது.

"சார், முன்னாடி நான் எழுதினது தப்பு. அது இரும்பு. இப்ப சொல்றதுதான் நெசம். என் பிள்ளைக்கு அழுத்தம் எட்டைத் தாண்டியாச்சு. தூங்கறதில்ல, திங்கறதில்ல. இந்த மூச்சு, சிரிப்பு எல்லாத்தையும் நிறுத்திட்டு, புத்தகத்தைக் குடுத்துப் படிக்க விடுங்க. படிச்சா இறங்கிடும். எனக்கு என் பிள்ளையைத் தெரியும்."

தலைமைத் தோள் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "ஏத்துக்கிட்டீங்கப்பா! மறுத்தல் நிலையைத் தாண்டிட்டீங்க!" மற்ற இரண்டு தோள்களும் கை தட்டின. "இந்த ஒரு நாளுக்காகத்தான் நாங்க நாலு மாசமா உழைக்கிறோம்."

"அப்ப புத்தகம்?"

"பொறுங்க. ஆனா எட்டுன்னு சொல்லிட்டீங்களே," என்றவரின் முகம் மாறியது. "நாலுல நின்னதே கண்ணுல விழுந்துடுச்சு. எட்டுன்னா..." தலைமையாசிரியை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பாய்லர்காரரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கூடிப் பேசினார்கள். கதவு மரக்கதவு, பேச்சு முழுதும் வெளியே கேட்டது.

"மூல காரணத்தைப் பாக்கணும்," என்றார் தலைமைத் தோள். "எதனால அந்தப் பிள்ளைக்கு அழுத்தம்?"

"பரீட்சையாலதான் சார்," என்றார் வலது தோள்.

"அப்ப அதை எடுத்துடணும்."

"மத்த பிள்ளைங்க எழுதணுமே," என்றார் தலைமையாசிரியை.

"எல்லாருக்கும் எதுக்கு மேடம் எடுக்கணும்? மத்தவங்க மூணுக்குக் கீழதான் இருக்காங்க. இந்த ஒரு பிள்ளைக்கு எடுத்தா போதும்."

பிறகு தலைமையாசிரியை நாற்காலியில் உட்காரும் ஓசை கேட்டது.

இரண்டு நாளில் ஆணை வந்தது. பாய்லர்காரர் அதை விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, மனைவிக்கும் மகளுக்கும் உரக்கப் படித்தார். 'மாணவி எண் நாற்பத்தொன்றின் அழுத்தத்துக்கு மூல காரணமாகிய தேர்வு, மாணவியின் நலன் கருதி, மாணவியிடமிருந்து இதன்மூலம் நீக்கப்படுகிறது. இப்பொருள் குறித்து மாணவி இனிக் கவலைகொள்ளத் தேவையில்லை.'

"நீக்கப்படுகிறதுன்னா?" என்று கேட்டாள் அம்மா. அவளுக்குப் புரியாமல் இல்லை.

பாய்லர்காரர் மேல்முறையீட்டுக்கு ஓடினார். எழுத்தர் நல்ல மனிதர். விதிப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"மேல்முறையீடு செய்யலாம். ஆனா பிள்ளைக்கு அழுத்தம் மூணுக்குக் கீழ இருக்கணும்."

"இப்ப எவ்வளவுங்க இருக்கு?"

எழுத்தர் பதிவேட்டைப் பார்த்தார். "பூஜ்யம்."

"பூஜ்யம்னா மூணுக்குக் கீழதானே? அப்ப எழுத விடுங்க."

"எழுத விட்டா ஏறிடுமே."

"ஏறலைன்னா?"

"ஏறலைன்னு எழுதினாத்தானே தெரியும்? எழுதத்தான் விட முடியாதே." எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, என் பையனும் இங்கதான் படிக்கிறான். நான் ரெண்டுன்னு எழுதிக் குடுத்தேன். ஒன்னுன்னு எழுதினா நம்ப மாட்டாங்க. யாராவது உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

கணக்குப் பரீட்சை அன்றைக்கு எலியும் பள்ளிக்கு வர வேண்டும் என்றார்கள். மூல காரணம் நீக்கப்பட்ட மாணவி அமைதியாக இருப்பதைப் பதிவு செய்ய வேண்டும். பாய்லர்காரர் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு கூட வந்தார். வாசலில் பெரிய துணிப் பதாகை கட்டியிருந்தார்கள். அழுத்தக் குறைப்பில் பள்ளி முதலிடம். இணை இயக்குநரின் படம் பெரிதாகவும், தலைமைத் தோளின் படம் சிறிதாகவும் இருந்தன.

பரீட்சைக் கூடத்துக்கு நேர் எதிரே அருவி அறை. கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள், காற்றுக்காக. எலியைப் பாயில் உட்கார வைத்து, வண்ணம் தீட்ட ஒரு பூப் படம் கொடுத்தார்கள். எதிர்க்கூடத்தில் மணியடித்தது. வினாத்தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. எழுபத்து மூன்று பேனாக்கள் காகிதத்தில் ஓடுகிற சத்தம் மட்டும், தூரத்து மழை மாதிரி.

எலி பூவைப் பார்க்கவில்லை. எதிரே, காலியாக விட்டிருந்த ஒரு பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களாப்பா?" என்று தலைமைத் தோள் பாய்லர்காரரின் காதில் கிசுகிசுத்தார். "ஒரு அசைவு இல்ல. வந்த அன்னிக்கு எப்படித் துறுதுறுன்னு இருந்துச்சு இந்தப் பிள்ளை!"

இடது தோள் எழுதிக்கொண்டார்.

பாய்லர்காரர் மூன்று மணி நேரமும் வாசற்படியில் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. எட்டி நடந்தால் பத்தடி. அந்தப் பத்தடியைக் கடந்து பிள்ளையின் கையைப் பிடித்து அந்தப் பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம் என்று பல தடவை தோன்றியது. ஒவ்வொரு தடவையும் உட்கார வைத்த பிறகு அவள் கையில் எதைக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டார்.

பகல் மணி அடித்ததும் கூடம் கலைந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே கொட்டினார்கள். எலியை அனுப்பிவிட்டார்கள். வாசலுக்கு வருவதற்குள் அவளுக்குப் புத்தகம் இரவல் கொடுத்த தோழி எதிரே ஓடிவந்தாள். முகமெல்லாம் வியர்வை. கையில் வினாத்தாள்.

"ஏய், குடேன், பாத்துட்டுத் தரேன்," என்றாள் எலி.

மதில் சுவரில் சாய்ந்து நின்று படித்தாள். மேலிருந்து கீழே, ஒரு கேள்வி விடாமல். உதடுகள் மட்டும் அசைந்தன. பாய்லர்காரர் வெயிலுக்கு மறைவாகத் தன் உடம்பை அவளுக்கு முன்னால் வைத்து நின்றார்.

"எப்படிம்மா இருக்கு?"

எலி கடைசிக் கேள்வியையும் படித்து முடித்த பிறகுதான் பேசினாள்.

"எதுவும் மறக்கலைப்பா. எல்லாம் தெரிஞ்சதுதான்."

"ஏய் எலி, அந்த எட்டாவது கணக்கு, கூம்புக்குள்ள உருளை வருமே, உனக்கு என்ன விடை வந்துச்சு?" என்று கேட்டாள் தோழி. அவசரத்தில் கேட்டுவிட்டாள், அவள் மேல் தப்பில்லை.

எலி ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். விரல் சுவரில் ஏதோ கிறுக்கியது.

"நூத்தி ஐம்பத்துநாலு," என்றாள்.

"எனக்கும் அதேதான்! ஐயோ, எனக்கும் அதேதான்!" தோழி இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள். "பத்து மார்க்குடி அது!" என்று கத்திக்கொண்டே, சாலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த தன் அம்மாவிடம் சொல்ல ஓடினாள்.

எலி வினாத்தாளைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டியபடியே நின்றாள். வாங்கிக்கொள்ள எதிரே யாரும் இல்லை.